வண்டி நேரங்களுக்கு நடுவே

"பார்த்துப் போங்க" என்று அந்த மனிதர் யாரையும் வழியனுப்பி நான் கேட்டதில்லை. செங்கல்பட்டு பஸ் ஸ்டாண்டில் டைம்கீப்பராகப் பல வருஷம் உட்கார்ந்திருந்தவர். ஒரு நாளைக்கு எத்தனை பேரை வழியனுப்பியிருப்பார்! நம் ஜனங்களுக்கு வண்டி கிளம்பும்போது வாயில் முதலில் வருவதே அந்த வார்த்தைதான். அவருக்கு மட்டும் அது ஆகாது. "பாத்து போன்னா இன்னாத்த பாக்கறது? எங்க பாக்கறது? அத்த சொல்லணுமா இல்லியா?" என்று சண்டைக்கு வருவார்.

ஐம்பதுகளில் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே எனக்கு ஒரு சின்ன அச்சாபீஸ் இருந்தது. கல்யாணப் பத்திரிகை, நோட்டீஸ், ரசீதுப் புத்தகம். என் வாசலிலிருந்து பார்த்தால் தகரக் கொட்டகையும், அதன் கீழே அவருடைய மேஜையும், ஆணியில் தொங்கும் அவர் சொந்தக் கடிகாரமும் தெரியும். காக்கிச் சட்டை, வெள்ளைத் தொப்பி, காதில் பென்சில். எல்லாரும் அவரை டைம்கீப்பர் பாய் என்போம். யார் வந்து நின்றாலும் முதலில் காலைத்தான் பார்ப்பார், முகத்தை அப்புறம். "மொகத்த பாத்து இன்னா ஆவப்போது? கால்ல செருப்பு கீதா, வெடிப்பு கீதா, அத்த பாத்தா தானே எங்க போனா இன்னா ஆவும்னு தெரியும்?"

ஒரு சித்திரையில் நானும் என் மனைவியும் திருக்கழுக்குன்றம் மலைக்குக் கிளம்பினோம். உச்சி வேளையில் கழுகு வந்து சோறு தின்னுமே, அதைப் பார்க்க. பாய் வழக்கம்போல் அவள் காலைப் பார்த்தார்.

"தங்கச்சி, ஏறும்போது படி சுடாது. கழுகு துன்னுட்டு போனப்பறம் எறங்குவீங்க பாரு, அப்போ சுடும். எறங்கி பாதி வழி வந்தப்பறம் திரும்பியும் ஏற முடியாது, எறங்கவும் முடியாது. ஒரு துணிய நனைச்சி எடுத்துகினு போ. மண்டபத்துக்கு மண்டபம் அத்த கீழ போட்டு அது மேல நில்லு. இவரு குதிச்சிகினே வருவாரு, வுட்டுடு."

அப்படியே நடந்தது. அவள் ஈரத்துணி மேல் நின்றாள், நான் குதித்தேன். வீட்டுக்கு வந்ததும், "இத்தனை வருஷமா ஊருக்கெல்லாம் நோட்டீஸ் அடிக்கிறீங்களே, அந்த பாய் சொன்ன மாதிரி உருப்படியா ஒண்ணு அடிச்சிருக்கீங்களா?" என்று கேட்டாள். அன்றைக்கு எனக்குக் கோபம்தான் வந்தது.

அவர் பேச்சு எல்லா நேரமும் இனித்தது என்று சொல்ல மாட்டேன். பல நாள் எரிச்சலாகவும் இருக்கும். என் மாமனார் பத்து நாள் தங்கிவிட்டு ஊருக்குக் கிளம்பினார். பஸ் ஏற்றிவிட்டு வந்து நிம்மதியாகத் திண்ணையில் சாய்ந்தேன், கால் மணி நேரத்தில் மனிதர் பெட்டியோடு வாசலில் நிற்கிறார்! டிரைவர் புதியவன், ஏரிக்கரை வளைவில் வண்டியை ஒடிப்பான், தூங்கினால் தலை கம்பியில் இடிக்கும் என்று பாய் சொன்னாராம். வேறு டிரைவர் வரும் நாளில் போய்க்கொள்கிறேன் என்று மாமனார் இறங்கிவிட்டார். நான் நேராகக் கொட்டகைக்குப் போனேன்.

"பாய், உங்களுக்கு நான் என்ன துரோகம் பண்ணேன்? அந்த மனுஷன் இன்னும் நாலு நாள் இருப்பாரு!"

நான் கத்தியதற்குப் பாய் சிரிக்கவில்லை. பென்சிலை எடுத்துக் காதைச் சொறிந்தார். "அப்போ நான் சொன்னது தப்பு அண்ணாத்த. வலப்பக்க சீட்டுல குந்து, ஏரி வரிக்கும் தூங்காதேன்னு அத்தோட வுட்டுருக்கணும். கேட்டவன் திரும்பி பூட்டான்னா அது வழி சொன்னதா? பேஜாரு பண்ணது." என் மாமனாரால் அவருக்கு அந்த ஒரு பாடம், எனக்கு நாலு நாள் சமையல் செலவு.

இந்த மனிதருக்கு ஏன் இப்படி ஒரு கிறுக்கு என்று ஊரில் கதை கட்டாதவர்கள் இல்லை. தம்பி கடலில் போயிருப்பான், பிள்ளை பஸ்ஸில் அடிபட்டிருக்கும் என்றெல்லாம் பேசினார்கள். நானே ஒரு நாள் மெல்லக் கேட்டுவிட்டேன். "எனுக்கு யாரும் சாவல அண்ணாத்த," என்றார். "ஏன், ஒருத்தன் செத்தாதான் இத்தெல்லாம் சொல்லணுமா?"

அவர் புத்தகம் எழுதியதும் இந்தக் கிறுக்கால்தான். அப்போதெல்லாம் மகாபலிபுரம் போகிறவர்கள் ரயிலில் செங்கல்பட்டு வந்து இறங்கி, திருக்கழுக்குன்றம் வழியாக பஸ் பிடிப்பார்கள். எல்லாரும் கேட்பது ஒரே கேள்விகள். சொல்லிச் சொல்லித் தொண்டை கட்டிப்போய், ஒரு மழைக்காலம் முழுக்க, வண்டி வந்து போகும் நேரம் குறிக்கும் பழைய டிரிப் ஷீட்டுகளின் பின்பக்கத்தில் பென்சிலால் எழுதிக்கொண்டு வந்து என்னிடம் கொடுத்தார். பதினாறு பக்கம் வரும். எங்கே இறங்குவது, எதை முதலில் பார்ப்பது, எந்தக் கிணற்றில் குடிக்கிற தண்ணீர், திரும்பி வர எத்தனை மணிக்கு வண்டி, எல்லாம் இருந்தது. "இங்கே பாறை வழுக்கும்; ஏறும்போது அல்ல, போட்டோவுக்கு நிற்கும்போது" என்று இருந்தது. கடற்கோயில் பக்கத்தில் ஒரு வரி: கோயிலுக்குத் தெற்கே இரண்டு கரும்பாறைகளுக்கு நடுவில் தண்ணீர் அமைதியாகத் தெரியும், அங்கே இறங்கினால் காலடி மணலோடு உள்ளே இழுக்கும்.

இங்கேதான் நான் கெட்டிக்காரத்தனத்தைக் காட்டினேன். இத்தனை முக்கியமான விஷயத்தை இப்படி நடுப்பக்கத்தில் ஒளித்து வைப்பதா! அந்த வரியைப் பிடுங்கினேன். முதல் பக்கத்தில், என்னிடமிருந்த பூ பார்டரைச் சுற்றிக் கட்டி, மேலே பெரிய மர எழுத்தில் 'எச்சரிக்கை' என்று போட்டு, பக்கவாட்டில் விரல் நீட்டும் கை அச்சையும் வைத்தேன். செங்கல்பட்டிலேயே அப்படி ஒரு கை அச்சு என்னிடம்தான் இருந்தது. பண்டிகைக் கூட்டத்தில் பாய்க்குப் புரூஃப் பார்க்க நேரமில்லை, நீங்களே பாத்துக்குங்க என்றுவிட்டார். அச்சாகி வந்ததைப் புரட்டிப் பார்த்தார்.

"ஸோக்கா கீது. ஆனா இத்த புடுங்கின எடத்துல பல்லு வுழுந்தா மாதிரி கீதே?"

"முதல் பக்கத்துல கொட்டை எழுத்துல போட்டிருக்கேன். குருடனுக்கும் தெரியும், பாய்."

பாய் மேஜை மேல் அடுக்கி வைத்து விற்றார். நன்றாகவே போயிற்று.

பங்குனியில் ஒரு சாயங்காலம் கொட்டகையிலிருந்து ஆள் வந்து என்னைக் கூப்பிட்டான். போனேன். மகாபலிபுரம் வண்டியில் வந்து இறங்கிய ஒரு புருஷனும் பெண்சாதியும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். போளூர்ப் பக்கத்து வாத்தியார். கல்யாணமாகி இரண்டு மாதம். அவர் மேல் வேட்டி சட்டை இல்லை, யாரோ மீனவர் கொடுத்த லுங்கியும் துண்டும். உதடு நீலம் பாரித்து நடுங்கிக்கொண்டிருந்தார். அந்தப் பெண் ஈர வேட்டியையும் சட்டையையும் மடியில் வைத்து இறுக்கிப் பிடித்திருந்தாள்.

இரண்டு பாறைகளுக்கு நடுவில் இறங்கியிருக்கிறார். அமைதியாக இருக்கிறதே என்று இடுப்பளவு போனாராம். அப்புறம் கால் வைக்கத் தரை இல்லை. வலை பின்னிக்கொண்டிருந்தவர்கள் கட்டுமரத்தைத் தள்ளிக்கொண்டு போய் முடியைப் பிடித்து இழுத்துப் போட்டார்கள். இல்லாவிட்டால் அவ்வளவுதான்.

"இவருக்கு நீந்தத் தெரியாதுங்க," என்று அந்தப் பெண் என்னைப் பார்த்துச் சொன்னாள். என்னிடம் ஏன் சொன்னாள் என்று தெரியவில்லை.

பாய் மேஜை மேலிருந்த புத்தகத்தைக் காட்டி, "இத்த வாங்கிகினு தானே போனீங்க?" என்று வாத்தியாரைக் கேட்டார். வாத்தியார் அவள் மடியிலிருந்த ஈரச் சட்டையின் பையிலிருந்து ஊறிப்போன புத்தகத்தை எடுத்தார். "ஒரு வரி விடாம படிச்சேன், சார்."

எனக்குச் சுர்ரென்றது. "முதல் பக்கமே போட்டிருக்கே, அதைப் படிக்கலையா?" என்று பிரித்து நீட்டினேன்.

அவர் அதைப் பார்த்தார். எதிர்ப்பக்கத்தைப் பார்த்தார். அங்கே கூந்தல் தைலத்துக்கு அதே பூ பார்டர், அதே கை. கீழே சோடாவுக்கு அதே பார்டர். "இது விளம்பரம் இல்லையா, சார்?" என்றார் அப்பாவியாக. "கட்டம் கட்டினதெல்லாம் விளம்பரம்னு தாண்டிட்டேன். விளம்பரத்தை யார் சார் படிப்பாங்க?"

பதினெட்டு வருஷத் தொழிலில் கட்டம் கட்டி, கை போட்டு, நான் விளம்பரத்தைத் தவிர வேறு எதையும் அச்சடித்ததில்லை. ஊர் ஜனங்களுக்குக் கட்டத்தைக் கண்டால் தாண்டப் பழக்கியதே நான்தான். அந்தப் பெண்ணின் கழுத்தில் மஞ்சள் கயிறு இன்னும் நிறம் மங்கவில்லை. என்னுடைய ஒரு பூ பார்டருக்காக அது போயிருக்கும்.

அவர்களை ரயில் ஏற்றிவிட்டு வந்ததும், மீதிப் புத்தகங்களை எரித்துவிடலாம் என்றேன். அந்த வரி பழையபடி தன் இடத்துக்கே போகட்டும், நான் தொட்டது தப்பு என்றேன். பாய் தலையாட்டவில்லை.

"நான் எழுதின எடம் மட்டும் சரின்னு யாரு சொன்னா? போயி பாக்கணும், அண்ணாத்த."

ஞாயிற்றுக்கிழமை லீவு போட்டுவிட்டுக் கடற்கோயிலுக்குக் கிளம்பினார். என்னையும் இழுத்துக்கொண்டார். ஒரு சவுக்கு நிழலில் குந்திக்கொண்டு, கடிகாரத்தை மடியில் வைத்துக்கொண்டு, வருகிறவர்களையே பார்த்தார். கோயிலை ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. நான் வேர்க்கடலை தின்றுகொண்டிருந்தேன்.

வந்தவர்கள் புத்தகத்தைக் கையில் பிடித்துக்கொண்டு கோயிலைச் சுற்றினார்கள். சுற்றி முடித்ததும் மடித்துப் பையில் செருகினார்கள். கடலைப் பார்த்து நிற்கும்போது ஒருத்தர் கையிலும் புத்தகம் இல்லை. செருப்பைக் கழற்றுவதும் வேட்டியைத் தூக்கிக் கட்டுவதும்தான்.

"பாத்தியா? நான் எழுதின எடத்துலயும் எவனும் படிக்கல," என்றார் பாய். அதைச் சொல்ல அவருக்குக் கூச்சமே இல்லை. வாத்தியார் ஒருத்தர்தான் ஒரு வரி விடாமல் படிப்பவர். படித்தாலும் கடலுக்கு முன்னால் அது நினைவு இருக்குமா?

மூன்று மணி தாண்டியது. கடலில் கால் நனைக்கப் போன ஒரு குடும்பம் மணலிலேயே நின்றது. அந்த அம்மாள் ஏதோ கேட்டாள். புருஷன் பையிலிருந்து புத்தகத்தை எடுத்தார், கடைசிப் பக்கத்தைத் திருப்பினார், பார்த்தார், உள்ளே வைத்தார். கொஞ்ச நேரத்தில் இன்னொரு கூட்டம், அதே மாதிரி. மூன்றாவதாக ஒருத்தர் எடுத்தபோது பாய் எழுந்து நின்றுவிட்டார்.

"வண்டி டயம்! அண்ணாத்த, தண்ணில எறங்கறதுக்கு முன்னாடி அல்லாரும் வண்டி டயம் பாக்கறான்! எவ்ளோ நேரம் கீதுன்னு பாத்துட்டு தான் எறங்கறான்!"

என் கையிலிருந்த வேர்க்கடலைப் பொட்டலத்தைப் பிடுங்கி, கடலையை என் மடியில் கொட்டிவிட்டு, அந்தக் காகிதத்தில் அங்கேயே எழுதினார். இரண்டாவது பதிப்பின் கடைசிப் பக்கம் இப்படி வந்தது. கட்டம் இல்லை, கை இல்லை, கொட்டை எழுத்து இல்லை. மற்ற வரிகளைப் போலவே ஒரு வரி.

*செங்கல்பட்டுக்குத் திரும்ப:*
*பகல் 2.30 வண்டி.*
*3.30. கடலில் கால் நனைக்கும் நேரம். கோயிலுக்குத் தெற்கே இரண்டு பாறை நடுவில் தண்ணீர் ஆளை இழுக்கும். வடக்கே வலை காயும் இடத்துக்குப் போகவும், முழங்கால் வரை. அங்கே ஆட்கள் இருப்பார்கள்.*
*4.45 வண்டி.*
*6.15 கடைசி வண்டி.*

அதற்குள் விஷயம் ஊரில் பரவி, ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். கடலில் இறங்காதே என்று பக்கத்துக்குப் பக்கம் போடு என்றார்கள் சிலர். "எறங்காதேன்னா எறங்குவான். நாப்பது மைலு தாண்டி வந்தவன் கால் நனைக்காம போவானா?" என்று பாய் தள்ளிவிட்டார். பின்னட்டை விளம்பரம் கொடுத்த மகாபலிபுரம் ஓட்டல்காரர் என் அச்சாபீஸுக்கே வந்து குதித்தார்.

"இழுக்கும் கிழுக்கும்னு போட்டா எவன் வருவான்? எடுத்துடு அத்த. இல்லாட்டி என் விளம்பரத்த எடு."

பாய் எதிரிலிருந்து சாவகாசமாக வந்தார். "வராதேன்னு எங்கனா போட்டுக்கீதா, மொதலாளி? வடக்கால போன்னு போட்டுக்கீது. உங்க ஓட்டலு எந்தப் பக்கம் கீது?"

ஓட்டல்காரர் கொஞ்சம் யோசித்தார். வடக்குப் பக்கம்தான். "கால் நனைச்சவனுக்கு அடுத்தது இன்னா? டீ தானே?" என்றார் பாய். மறு வருஷம் அந்த மனிதர் கேட்காமலே விளம்பரத்தை இரண்டு பக்கமாக்கினார்.

ஒரே ஒரு குறை வந்தது. மணலில் நின்று ஆளுக்கு ஆள் "வடக்கு எதுப்பா?" என்று கேட்டுக்கொள்கிறார்கள் என்று கண்டக்டர் வந்து சொன்னார். பாய் தலையில் அடித்துக்கொண்டார். மூன்றாவது பதிப்பில் 'கடலைப் பார்த்து நின்றால் இடது கைப் பக்கம்' என்று சேர்த்தோம். நான் கவனித்தவரை அதற்குப் பிறகு அந்தப் புத்தகத்தைப் பையில் வைத்துக்கொண்டு எவரும் லுங்கி கட்டிக்கொண்டு திரும்பி வரவில்லை. போளூர் வாத்தியார் தன் பள்ளிக்கூடத்துக்கென்று ஒரு கட்டுப் புத்தகம் வரவழைத்தார். பெண் குழந்தை பிறந்திருப்பதாகக் கடிதத்தின் அடியில் எழுதியிருந்தார். பாய் அதைப் பல நாள் மேஜைக் கண்ணாடிக்குக் கீழே வைத்திருந்தார்.

ஐம்பதுகள் முடியும் சமயத்தில் அவருக்கு மார்வலி வந்து, வேலையை விட்டுவிட்டு அச்சரப்பாக்கத்துக்கு உள்ளே ஒரு கிராமத்தில் மகள் வீட்டோடு போய்விட்டார். கிளம்பும் நாள் என் அச்சாபீஸுக்கு வந்து, நாலாக மடித்த ஒரு டிரிப் ஷீட்டை என் சட்டைப் பையில் செருகினார். "வூட்டுக்கு வர வழி. சும்மா வெச்சிகினு இருக்காத, வந்து பாரு." அடுத்த மாதமே வருகிறேன் என்றேன்.

இரண்டு வருஷம் போகவில்லை. கல்யாண சீசன், டிரெடில் மெஷின் ரிப்பேர், ஆள் இல்லை, என்னவோ ஒன்று. இதற்கு நான் என்ன சமாதானம் சொன்னாலும் அது பொய்தான்.

கடைசியில் ஒரு நாள் போனேன். அச்சரப்பாக்கத்தில் இறங்கி, டிரிப் ஷீட்டைப் பிரித்துக்கொண்டு நடந்தேன். 'ஆலமரத்தைத் தாண்டி வாய்க்கால் பலகை. மூன்றாவது பலகை ஆடும், நடுவில் மிதிக்கவும்.' ஆடியது, நடுவில் மிதித்தேன். 'கிணற்றடியில் கறுப்பு நாய். குரைக்கும், கடிக்காது. நீங்கள் ஓடுவீர்கள். ஓட வேண்டாம்.' நாய் இருந்தது, குரைத்தது. நான் ஓடவில்லை. எனக்குச் சிரிப்பு வந்தது. பாயிடம் இதைச் சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டே, ஷீட்டில் எழுதியிருந்த பச்சைக் கதவைத் தட்டினேன்.

மகள் கதவைத் திறந்தாள். முன்பு பார்த்திருக்கிறாளே, உடனே அடையாளம் தெரிந்துவிட்டது.

"அச்சாபீஸ் மாமாவா? அத்தா மௌத்தாயி, அடக்கம் பண்ணி ஆறு மாசம் ஆவுது, மாமா. உங்களுக்கு சொல்லி அனுப்ப ஆளு இல்ல."

முற்றத்தில் நாற்காலி போட்டாள். உட்கார்ந்தேன். சுவரில் ஆணியில் அவர் கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. அவள் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இங்கிருந்து எழுந்து ஓடிவிட்டால் தேவலை என்றிருந்தது. அடுத்த வண்டி எத்தனை மணிக்கு என்று பார்க்க, டிரிப் ஷீட்டைத் திருப்பினேன். பின்பக்கத்தை நான் அதுவரை பார்த்ததில்லை. அதே பென்சில் எழுத்து.

*செங்கல்பட்டுக்குத் திரும்ப:*
*பகல் 2.50 வண்டி.*
*4.10 வண்டி. நான் வீட்டில் இருந்தால் இதில் ஏறலாம். நான் இல்லாமல் போயிருந்தால் இதை விட்டுவிடவும். உங்களைப் பார்த்தால் பொண்ணு அழுவாள். ஒன்றும் சொல்ல வேண்டாம். டீ கொடுப்பாள், மெதுவாகக் குடிக்கவும்.*
*5.40 வண்டி. இதில் ஏறவும்.*

நான் தலையைத் தூக்கினேன். கடிகாரத்தில் நாலு அடிக்க ஐந்து நிமிஷம் இருந்தது. "டீ போடறேன், மாமா," என்று சொல்லித் திரும்பியவள் அடுப்படி வாசலிலேயே உட்கார்ந்து முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழ ஆரம்பித்தாள். நான் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய் அவள் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தேன். ஒன்றும் சொல்லவில்லை. சாலைப் பக்கம் 4.10 வண்டி ஹாரன் அடித்துவிட்டுப் போனது.